மாடியில் விழும் வெயிலில் வீட்டுக்குள் வருவது எவ்வளவு?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் புறநகர் ரயில் எண்ணூரைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே உயரமான புகைபோக்கிகள் வரிசை கட்டும். வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டுமே 1,830 மெகாவாட். பக்கத்திலேயே 1,500 மெகாவாட்டில் வல்லூர் அனல் மின் நிலையம். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ரயில் போகப்போக, மொட்டை மாடிகளில் வேறு வகை மின் நிலையங்கள் தென்படுகின்றன. இரண்டு கிலோவாட், மூன்று கிலோவாட், மிஞ்சினால் ஐந்து. நிலக்கரியும் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் இந்த மாடி மின் நிலையங்களுக்குப் பெரிய உந்துதல் தந்தது. ஒரு கோடி வீடுகள் என்பது அதன் இலக்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். பேனல் ஏறுகிறது, மீட்டர் மாறுகிறது, முதல் பில்லைப் பார்த்து வீடே மகிழ்கிறது. ஆறேழு மாதம் கழித்து ஒரு சந்தேகம் தலைதூக்கும். "மூன்று கிலோவாட் என்று சொல்லித்தானே போட்டார்கள், ஏன் இவ்வளவுதான் வருகிறது?"

கேள்வி நியாயமானது. உடனே இன்னும் இரண்டு பேனல் வாங்கிப் போடத்தான் பலருக்கும் கை பரபரக்கும். அதற்கு முன்னால், இருக்கிற பேனலில் விழுகிற வெயில் எங்கெங்கே வீணாகிறது என்று பார்ப்பது மலிவான வழி.

ஐந்தில் நான்கு

திருவள்ளூர் வட்டாரத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஆற்றல், ஆண்டு முழுதுக்கும் சராசரி போட்டால், நாளொன்றுக்கு ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு கிலோவாட் பேனல் என்பது சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில் விழும்போது, செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது, ஆய்வுக்கூடத்தில் அளந்து ஒட்டிய முத்திரை. அந்தக் கணக்கின்படி ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் வர வேண்டும். ஒழுங்காகப் போட்ட ஒரு மாடியில் உண்மையில் கிடைப்பது சராசரியாக நான்கு. அதாவது மூன்று கிலோவாட்டுக்கு நாளுக்கு 12 யூனிட்.

அந்த ஐந்தாவது யூனிட் சூட்டிலும் தூசிலும் கம்பியிலும் இன்வெர்ட்டரிலும் கரைகிறது. அதை முழுதாக மீட்க முடியாது. ஆனால் கவனிப்பாரில்லாத மாடியில் நான்காவதும் சேர்ந்து கரைந்துபோகும். மீட்க வேண்டியது அதைத்தான்.

பத்து சதவிகிதம் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். மூன்று கிலோவாட் வீட்டில் அது இரண்டு மாதப் பில்லுக்கு 70 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். நிகரப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போய்விடும். கீழ்ப் படிகளில் கிடைத்த சலுகையில் ஒரு பகுதியும் கைநழுவும். ஏசி இரண்டு ஓடும் வீட்டில் 470க்கும் 540க்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் அந்த 70 யூனிட்டாகவே இருக்கலாம்.

கண்ணாடியில் படியும் கறுப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இருப்பவை இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ஆலைகள். ஊரை ஒட்டியே கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை, அதில் இரவும் பகலும் லாரிகள். ஊத்துக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளைகள். மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியின் மேல் கறுப்புப் பொடி படிவதை இங்கே இல்லத்தரசிகள் எல்லோரும் அறிவார்கள். பேனலின் மேலும் அதேதான் படிகிறது.

இந்தப் படிவு எவ்வளவு பறிக்கும் என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இந்தியாவிலேயே நடந்தது. குஜராத்தில் காந்திநகர் ஐஐடியின் மாடிப் பேனல்களை வைத்து, அந்த ஐஐடியின் பேராசிரியர் சின்மய் கோரோயும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மைக் பெர்கினும் சேர்ந்து செய்தது, 2017இல் வெளியானது. சில வாரங்கள் தொடாமல் விட்டுவிட்டுத் துடைத்தபோது ஒவ்வொரு முறையும் பேனல்களின் திறன் 50 சதவிகிதம் வரை எகிறியது. படிவில் 92 சதவிகிதம் சாதாரண மண் தூசு. மிச்சம் வாகனமும் ஆலையும் உமிழும் கரித்துகள், அயனிகள். அளவில் கொஞ்சமாக இருந்தாலும் வெளிச்சத்தைத் தடுப்பதில் இந்த மிச்சம்தான் பொல்லாதது. துகள்கள் மிக நுண்ணியவை, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்பவை, எளிதில் துடைபடாதவை.

காந்திநகர் வறண்ட ஊர். திருவள்ளூரில் மழை கூடுதல், ஆகவே இழப்பு அவ்வளவு இருக்காது. ஆனால் மழை பெய்தால் பேனல் தானாகச் சுத்தமாகிவிடும் என்று நம்பி இருக்கவும் முடியாது. தை, மாசி மாதங்களில் மழை கிடையாது, இரவில் பனி மட்டும் இறங்கும். பனியில் ஊறிய தூசு காலை வெயிலில் காய்ந்து இறுகும். மறுநாள் அதன் மேல் இன்னொரு படலம். மழை நன்றாகப் பெய்தாலும், சாய்வு குறைவான பேனலில் அழுக்கு கீழே வழிந்து அலுமினியச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சேறாகத் தங்கும். மேலே பளபளப்பாகத் தெரியும் பேனலின் கடைசி வரிசை செல்கள் அந்தச் சேற்றுக் கோட்டுக்கு அடியில் இருட்டில் கிடக்கும்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் பேனல்களைத் துடைப்பதற்கென்றே ரோபோக்கள் தினமும் ஓடுகின்றன. வீட்டுக்கு ரோபோ தேவையில்லை. நீளக் கைப்பிடி வைத்த மென்மையான ஸ்பாஞ்ச் மாப், ஒரு வாளி நல்ல தண்ணீர், விடியற்காலை அரை மணி நேரம் போதும். மழையில்லாத மாதங்களில் ஆலைப் பகுதியில் இருப்பவர்கள் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைப்பது நல்லது. ஆலைகளிலிருந்து தள்ளி, திருவாலங்காடு பக்கம் இருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போதுமாக இருக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில்தான் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஆகியவற்றின் கழிமுகப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் கடல்நீர் உள்ளே புகுந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 2010இல் மீஞ்சூரை அடுத்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததையும் வட்டாரம் அறியும். அப்படிப்பட்ட ஊரில் போர் தண்ணீரை அடித்துப் பேனலைக் கழுவினால் தூசு போகும். அதன் இடத்தில் வெள்ளை உப்புப் படலம் உட்காரும். பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டுகூட அதைக் கிளப்ப முடியாது, கிளப்பப் போனால் கண்ணாடி கீறும். சேமித்த மழைநீர் நல்லது. ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் இன்னும் நல்லது. காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பே இருக்காது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் பயன்படுத்தவே கூடாது. நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

உச்சிவெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். பேனல் மேல் ஏறி நின்று துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் செல்லுக்குள் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆண்டுகள் போகப்போக உற்பத்தியைத் தின்னும்.

ஒரு செல்லில் விழும் நிழல்

தூசு எல்லாப் பேனலிலும் ஏறக்குறைய சமமாகப் படிகிறது. நிழல் அப்படியில்லை. வீட்டுச் சூரிய அமைப்பில் பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும்; எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட வேண்டும். தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முழுக் குழாயிலும் தண்ணீர் குறைவது போல, ஒரு செல்லை மறைக்கும் காக்கை எச்சம்கூட வரிசையின் மின்னோட்டத்தை இழுத்துப் பிடிக்கும். இதற்காக ஒவ்வொரு பேனலுக்குப் பின்னாலும் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் வைக்கிறார்கள். நிழல் பட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு மற்றவை ஓட அவை வழி விடும். அப்போதும் அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போனது போனதுதான்.

நம் மொட்டை மாடிகளில் நிழலுக்குக் குறைவே இல்லை. படிக்கட்டு அறை, ஸ்டாண்டின் மேல் ஏற்றிய தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, துணிக்கொடி, பக்கத்து வீட்டுத் தென்னை. பேனல் போட்ட அன்று ஜூன் மாதம் என்றால் நிழலே தெரிந்திருக்காது. கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய 13.4 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட நாட்களில் அது வடக்கு வானத்தில் நகரும். டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அப்போது ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே வடக்கே முக்கால் மீட்டர் நீளும். காலை ஒன்பது மணிக்கு ஒன்றரை மீட்டர். தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் முடியும் தொட்டியின் நிழல் அதே நேரத்தில் நாலரை மீட்டர் வரை போகும்.

ஆகவே பேனலுக்கு இடம் குறிக்கும்போது டிசம்பர் சூரியனை மனத்தில் வைத்துக் குறிக்க வேண்டும். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால், மார்கழியில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் மாடிக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துப் பார்த்தாலே எது இடைஞ்சல் என்று புரிந்துவிடும். ஆன்டெனாவையும் கொடியையும் இடம் மாற்ற ஒரு செலவும் இல்லை. தொட்டியை வடக்கே நகர்த்த ஒரு பிளம்பர் போதும். நகர்த்தவே முடியாத நிழல் என்றால்தான் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக இயக்கும் மைக்ரோ இன்வெர்ட்டர், ஆப்டிமைசர் போன்றவற்றுக்குச் செலவழிக்கலாம். நிழலே இல்லாத மாடிக்கு அவற்றால் பெரிய லாபம் இல்லை.

வெயில் வேண்டும், சூடு வேண்டாம்

தமிழ்நாட்டின் கோடை வெப்பப் பட்டியலில் அடிக்கடி முன்வரிசையில் வரும் திருத்தணி இதே மாவட்டம்தான். அங்கே அக்னி நட்சத்திரத்தில் பேனல் பிய்த்துக்கொண்டு உற்பத்தி செய்யும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் காற்று 40 டிகிரியாக இருக்கும்போது செல்லின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டும். பரவலாகப் புழங்கும் மோனோ பெர்க் பேனல்கள் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவிகிதத் திறனை இழக்கும். 40 டிகிரி கூடினால் 14 சதவிகிதம் போச்சு. வானம் தெளிந்தும் வெப்பம் மிதமாகவும் இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் மே மாதத்தை முந்துவது இதனால்தான்.

புதிதாக வாங்குபவர்கள் டாப்கான் வகைப் பேனல்களைக் கேட்கலாம். அவற்றில் இந்த இழப்பு டிகிரிக்கு 0.3 சதவிகிதத்தை ஒட்டியது. ஏற்கெனவே பேனல் இருப்பவர்கள் காற்றுக்கு வழி விட்டால் போதும். தகரக் கூரையோடு ஒட்டிப் போடாமல் அடியில் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். எட்டடி உயரத்துக்குக் கம்பி எழுப்பி, கீழே துணி உலர்த்த இடம் விட்டுப் போடுவது இங்கே பரவலாகிவிட்ட பழக்கம். அது பேனலையும் குளிர வைக்கிறது. இருபுறமும் வெளிச்சத்தை வாங்கும் பைஃபேஷியல் பேனலை அப்படி உயர்த்திப் போட்டு, கீழே தட்டோட்டின் சிவப்புக்குப் பதிலாக வெள்ளை கூலிங் டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ இருந்தால் சில சதவிகிதம் கூடுதலாகவும் கிடைக்கும். கீழே இருக்கும் அறையும் குளிரும்.

இன்வெர்ட்டருக்கும் இதே நியாயம். பல இன்வெர்ட்டர்கள் சுற்றுப்புறம் 45 டிகிரியைத் தாண்டினால் தற்காப்புக்காகத் தம் உற்பத்தியைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதை மேற்குச் சுவரில் வெயில் படும்படி மாட்டுவதும் காற்றில்லாத தகர ஷெட்டுக்குள் பூட்டி வைப்பதும் வீண். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிழலான சுவர் உகந்தது.

சாய்வும் புயலும்

தெற்கு நோக்கி, அட்சரேகைக்கு ஒட்டிய 13 டிகிரி சாய்வு என்பது இங்கே பொது விதி. பத்து டிகிரிக்குக் கீழே போனால் மழைநீர் சரியாக வழியாது. மனை கிழக்கு மேற்காக அமைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். நில நடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், பத்து டிகிரி சாய்வில் கிழக்கும் மேற்கும் பார்த்துப் போட்டாலும் ஆண்டு உற்பத்தி சில சதவிகிதமே குறையும். சூரியனைத் தொடர்ந்து திரும்பும் ட்ராக்கர் கருவி வீட்டு மாடிக்குத் தேவையற்ற செலவு, பழுதும் அதிகம்.

குளிர்காலத்தில் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று சாய்வை 25, 30 டிகிரிக்கு ஏற்றுவது வேறொரு ஆபத்தை அழைக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்ததை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் காற்றுச் சுமை விதிப்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். சாய்வும் உயரமும் கூடக்கூடக் காற்று பேனலைத் தூக்கப் பார்க்கும். உயர்த்திப் போட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் நட்டு, போல்ட்டுகளை இறுக்கிப் பார்ப்பது அவசியம். பழவேற்காடு பக்கம் உப்புக்காற்று வேறு. துத்தநாக முலாம் சரியாகப் பூசாத கம்பி துருவேறிவிடும்.

பேனல் நன்றாக இருந்தும் கரன்ட் இல்லை

பலரும் கவனிக்காத இழப்பு ஈ.பி. கம்பியில் இருக்கிறது. பேட்டரி இல்லாத சாதாரண சூரிய அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் பராமரிப்புக்கான ஷட்டவுன் பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பகல் இரண்டு மணி வரையோ அதற்கு மேலோ போகும். வெயில் நன்றாக அடிக்கும் நேரமே அதுதான். அன்றைய உற்பத்தியில் பாதிக்கு மேல் வராது. அடிக்கடி மின்தடை இருக்கும் தெருவில் சிறிய பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் பொருத்துவது இதற்கு ஒரு வழி, செலவு கூடும்.

இன்னொன்று மின்னழுத்தம். டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில் இருக்கும் வீட்டில் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் மெலிதாக இருந்தால், நண்பகலில் வீடு வெளியே மின்சாரத்தைத் தள்ளும்போது மின்னழுத்தம் ஏறும். வரம்பைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் அணைந்து, சில நிமிடம் கழித்து எழுந்து, மீண்டும் அணையும். மாலையில் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடுவது போலவே தெரியும். இன்வெர்ட்டரின் மொபைல் ஆப்பில் அன்றைய வரைபடம் வழக்கமான மேடு போல இல்லாமல் நடுவில் பல் பல்லாக வெட்டுப்பட்டிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒயரின் தடிமனைச் சரிபார்க்கவும், தேவைப்பட்டால் டிரான்ஸ்பார்மரில் அளவைத் திருத்தவும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். இன்வெர்ட்டரின் பாதுகாப்பு வரம்பைத் தாங்களே மாற்றிக்கொள்வது கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் பேனல் சேர்க்கலாம். மூன்று கிலோவாட் இன்வெர்ட்டருக்கு மூன்றரை கிலோவாட் வரை பேனல் இணைப்பது தொழிலில் வழக்கமான ஒன்று. பேனல்கள் முத்திரையில் உள்ள அளவை எட்டுவது அபூர்வம் என்பதால் இன்வெர்ட்டர் தாங்கும். ஆனால் வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு மேல் சூரிய அமைப்பு போக முடியாது. திறனைக் கூட்டும்போது மின்வாரியத்துக்கு விண்ணப்பித்துச் சேர்க்க வேண்டும்.

நோட்டில் எழுத வேண்டிய எண்

மும்பை ஐஐடியின் ஒளிமின் ஆய்வு மையமும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் நாடு முழுவதும் பேனல்களை நேரில் போய்ப் பரிசோதித்த ஆய்வுகளில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிந்தது. வெப்பமான பகுதிகளில் பேனல்கள் வேகமாகத் தளர்கின்றன. பெரிய மின் நிலையங்களைவிடச் சிறிய மாடி அமைப்புகளின் நிலை மோசம். பெரிய நிலையத்தில் பொறியாளர் தினமும் எண்ணைப் பார்க்கிறார். வீட்டில் பில் வரும்போதுதான் பார்க்கிறார்கள். பில்லிலோ உற்பத்தி, பயன்பாடு, மழை நாள் எல்லாம் கலந்துவிடும்.

எளிய அளவுகோல், அன்றைய உற்பத்தியை கிலோவாட்டால் வகுப்பது. மாசி, பங்குனியில் வானம் தெளிந்த நாளில் கிலோவாட்டுக்கு நாலரை யூனிட்டை ஒட்டி வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இரண்டுக்கு இறங்கினாலும் பதற வேண்டியதில்லை. தெளிந்த நாளில் மூன்றரையைத் தொடவில்லை என்றால் முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்த மறுநாள் எண் ஏறினால் தூசுதான் காரணம். ஏறவில்லை என்றால் நிழல், ஒயர் இணைப்பு, மின்னழுத்தம் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில்தான் பேனலைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த எண்ணைத் தேதி போட்டு எழுதி வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. சூர்ய கர் திட்டத்தில் அமைப்பை நிறுவும் நிறுவனம் ஐந்து ஆண்டுகள் பராமரிப்பு செய்து தர வேண்டும். திட்டத்தின் மாதிரி ஒப்பந்தம், அமைப்பை இயக்கிவைக்கும்போது அதன் செயல்திறன் விகிதம் 75 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்கிறது. அதாவது வெயிலின்படி வர வேண்டிய யூனிட்டில் நான்கில் மூன்று பங்கு. இரண்டு வரியும் ஒப்பந்தத் தாளில் இருக்கின்றனவா என்று கையெழுத்துப் போடும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு உற்பத்தி குறைந்தால், "ஏதோ கம்மியாக வருகிற மாதிரி இருக்கிறது" என்று போனில் சொல்வதற்குப் பதிலாக, ஆறு மாத எண்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு ஆளை வரச் சொல்லலாம்.